வால்பாறைக் குறிப்புகள்: சாலைக்கு இறங்கிய சோலைமந்தியும் உச்சிமரத்து இருவாச்சியும்

வால்பாறை, பிப்ரவரி, சனிக்கிழமை இரவு

ஆழியாற்றுச் சோதனைச் சாவடியைக் கடந்து 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி நேற்று மாலை வால்பாறைக்கு வந்து சேர்ந்ததையும், ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையை ஒட்டிய பாறைச் சரிவில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று வாகனங்களைச் சற்றும் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்ததையும் முந்தைய பகுதியில் எழுதியிருந்தேன். இன்றைய நாள் முழுவதும் மலைமேலேயே கழிந்தது. உள்ளூர் ஓட்டுநர் ஒருவரின் ஜீப்பை வாடகைக்கு அமர்த்திக்கொண்டேன். அவர் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய தாயார் பணி ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். எந்தச் சரிவில் எந்த விலங்கு எப்போது இறங்கும் என்பதை அவர் சொன்ன விதத்தில் வழிகாட்டிகளுக்கு உரிய பரபரப்பு எதுவும் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்கள் என்று சொல்வதைப்போலவே அதையும் சொன்னார்.

வால்பாறையில் விலங்குகளைக் காண்பதற்குக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை என்பது பயணிகளிடையே பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அது உண்மைதான். ஏன் போக வேண்டியதில்லை என்பதற்கான காரணம் அவ்வளவு மகிழ்ச்சி தருவதாக இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் இந்தப் பீடபூமி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெரும்பாலும் மழைக்காடாக இருந்தது. 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மரங்களை வெட்டிச் சாய்த்துத் தேயிலையும் காப்பியும் பயிரிட்டார்கள். சரிவுகளை ஒரே உயரத்தில் போர்த்தியிருக்கும் தேயிலைக்கு நடுவே, வெட்டப்படாமல் தப்பிய மழைக்காட்டுத் துண்டுகள் நாற்பதுக்கு மேல் இன்றும் தீவுகளாகக் கிடக்கின்றன. பீடபூமியைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரளப் பக்கத்தில் பரம்பிக்குளம், வாழச்சால், எரவிகுளம் ஆகிய காடுகளும் சூழ்ந்திருக்கின்றன. ஆகவே, ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குப் போகும் விலங்கு நம் தேயிலையைத்தான் மிதித்துக் கடந்தாக வேண்டும். நாம் அதைப் பார்த்துவிட்டு, நல்வாய்ப்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

காலையில் முதலில் போனது புதுத்தோட்டத்துக்கு. நகரிலிருந்து பொள்ளாச்சிச் சாலையில் சிறிது தொலைவிலேயே வலமும் இடமுமாக உயர்ந்த மரங்கள் தொடங்குகின்றன. நூறு ஹெக்டேருக்கும் குறைவான அந்தக் காட்டுத் துண்டில் சிங்கவால் குரங்குகள் என்னும் சோலைமந்திகள் நூற்றுக்கும் மேற்பட்டவை வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணக் கிடைக்காத இவ்வினம், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் காடுகளிலுமாகச் சேர்த்து எஞ்சியிருப்பவை சில ஆயிரங்களே. அத்தகைய அரிய விலங்கு ஒன்று, நாங்கள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய சில நிமிடங்களிலேயே சாலையோரத் தடுப்புச் சுவரின்மேல் வந்து உட்கார்ந்தது.

பெரிய ஆண் அது. கரிய முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, அதன் நடுவே பழுப்பு நிறக் கண்கள், நுனியில் குஞ்சம் வைத்த வால். பின்னாலேயே தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டியும், குறும்பு தணியாத இளங்குரங்குகள் சிலவும் மரத்திலிருந்து இறங்கின. மரக்கிளைகளுக்கு இடையே அவை "கூ" என்று ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் ஒலி மென்மையானது. அவ்வளவு பெரிய உடலிலிருந்து வருவதாகவே தோன்றாது. டுரியான் பழமரத்தின் உறவான வெடிப்பலா மரத்தின் பூக்களையும் முள் நிறைந்த காய்களையும் தின்று, மரத்துக்கு மரம் தாவி, தரையில் கால் பதிக்காமலேயே பெரும்பாலான வாழ்நாளைக் கழிக்கும் விலங்கு இது. விரிந்த மழைக்காட்டில் இதனைக் காண வேண்டுமானால் கழுத்து வலிக்க மேலே பார்த்தபடி மணிக்கணக்கில் நடக்க வேண்டும். இங்கேயோ சாலையைக் கடந்து, எதிர்ப்புறத்துக் குப்பைக் குவியலில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து, உள்ளே இருந்த எதையோ கன்னப்பையில் அடக்கிக்கொண்டது.

அங்கே மஞ்சள் மேலங்கி அணிந்த காவலர் ஒருவர் கையசைத்து வண்டிகளின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். வால்பாறையில் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு, குரங்குகள் சாலையைக் கடக்கும் இடங்களில் இத்தகைய காவலர்களை நிறுத்திவருகிறது. சாலைக்கு மேலே இருபுறத்து மரங்களையும் இணைத்து, தீயணைப்புக் குழாய்களாகப் பயன்பட்ட கேன்வாஸ் பட்டைகளைக்கொண்டு கட்டப்பட்ட பாலங்கள் தொங்குகின்றன. ஒருகாலத்தில் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்து நின்ற இடத்தில் சாலை அகலப்பட்டு வானம் திறந்துகொண்டதால், மரத்தை விட்டு இறங்காத விலங்குக்கு அந்தப் பட்டைகள்தாம் இப்போது வழி. நாங்கள் நின்றிருந்த நேரத்தில் இளங்குரங்குகள் இரண்டு அந்தப் பாலத்தில் நடந்து போயின. பெரியவை பெரும்பாலும் சாலையிலேயே கடந்தன.

காவலரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வண்டில அடிபடுறது ஒரு பக்கம் சார். கரண்டு கம்பியப் புடிச்சுச் சாகுறது இன்னொரு பக்கம். எல்லாத்தயும் விட மோசம் என்னன்னா, சிப்ஸ் பாக்கெட்ட நீட்டுறாங்க பாருங்க, அதுதான்," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வெளியூர் கார் ஒன்று நின்று, கண்ணாடி இறங்கி, ஒரு கை வெளியே வந்தது. காவலர் ஓடிப்போய்த் தடுத்தார். காருக்குள் இருந்தவர்கள் அவரை ஏதோ உரிமையைப் பறித்தவர்போல் பார்த்துவிட்டுப் போனார்கள். கைநீட்டி உணவு கொடுக்கும் ஒவ்வொருவரும் அந்தக் குரங்கைச் சாலைக்கு ஓர் அடி நெருக்கமாக இழுக்கிறார்கள். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம் என்று அறிவிப்புப் பலகைகள் வழிநெடுகிலும் இருக்கின்றன. பலகைக்குப் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே தவிர, அதைப் படிப்பவர்கள் குறைவு.

புதுத்தோட்டத்துக் குரங்குகள் பக்கத்துக் குடியிருப்புகளின் ஓட்டைப் பிரித்து அடுக்களைக்குள் இறங்கி அரிசி, முட்டை முதலியவற்றை எடுத்துப்போவதும் உண்டு. அங்கே குடியிருப்பவர்களுக்குச் சோலைமந்தி என்பது உலக அதிசயம் அல்ல. கூரையைக் காக்க வேண்டிய தொல்லை. அவர்கள் எரிச்சல் கொள்வதில் எனக்கு வியப்பில்லை. அந்த எரிச்சலோடும் கல்லெறியாமல் இருக்கிறார்களே என்பதுதான் வியப்பு.

அங்கிருந்து நகருக்குத் திரும்பி, கடைத்தெருவில் தேநீரும் பருப்பு வடையும் முடித்துக்கொண்டு சோலையாறு அணைச் சாலையில் போனோம். இருபுறமும் தேயிலை. சில பகுதிகளில் கவாத்து வெட்டி, இலையே இல்லாத குச்சிகளாகச் செடிகள் நின்றன. மற்ற இடங்களில் பெண்கள் கத்தரியால் கொழுந்து வெட்டிப் பையில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடையே கேட்ட பேச்சில் தமிழோடு இந்தியும் கலந்திருந்தது. வறண்ட மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகள் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் படித்துக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட, அவர்கள் விட்டுச்சென்ற லைன் வீடுகளில் இப்போது வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள் என்று ஓட்டுநர் சொன்னார். புதிதாக வருபவர்களுக்கு யானை, சிறுத்தை பற்றிய பழக்கம் இருப்பதில்லை என்பதும், அந்தி சாய்ந்தபின் குழந்தைகளை வெளியே விடக்கூடாது என்பதை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடு என்பதும் அவர் கவலை. சிறுத்தையிடம் குழந்தைகளை இழந்த வீடுகள் இந்தத் தோட்டங்களில் இருப்பதால், அதை அவர் குரலைத் தாழ்த்தியே சொன்னார்.

இந்தச் சாலையில் ஓரிடத்தில் பெரும் இருவாச்சியின் கூடு இருக்கிறது. இடத்தை நான் எழுதப்போவதில்லை, வேண்டுமென்றேதான். கூட்டின் இருப்பிடம் பரவிவிட்டால் படக்கருவிகளோடு வருபவர்கள் மரத்தடியில் கூடிவிடுவார்கள், இரையோடு வரும் ஆண் பறவை ஆளைக் கண்டு அஞ்சித் திரும்பிப் போய்விடும், உள்ளே இருக்கும் உயிர்கள் பட்டினி கிடக்கும். அவ்வாறு நேரக்கூடாது என்று ஓட்டுநரும் என்னிடம் முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொண்டார். மரத்திலிருந்து நன்றாக விலகி, காப்பிச் செடிகளுக்குப் பின்னால் நின்று பைனாகுலரில் பார்ப்பது, பேசாமல் இருப்பது, அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் கிளம்பிவிடுவது ஆகியவை அவர் விதித்த நிபந்தனைகள்.

இந்தப் பறவையின் இல்லறம் அறிந்தவர்களுக்கு அந்த நிபந்தனைகள் கடுமையாகத் தோன்றா. இனப்பெருக்கக் காலத்தில் பெண் பறவை முதிர்ந்த பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்துப் பூசி வாயிலை அடைத்துவிடுகிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு நீள்பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளேயே முட்டையிட்டு, அடைகாத்து, அந்நாட்களில் தன் இறகுகளையும் உதிர்த்துவிடுவதால் அதனால் பறக்க இயலாது. அது வெளியே வரும்வரை வாரக்கணக்கில் ஆண்தான் உணவு கொண்டுவர வேண்டும். வழியில் அந்த ஆண் மடிந்துபோனால் உள்ளிருக்கும் குடும்பத்தின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய பொந்து இளமரங்களில் அமைவதில்லை. நூறாண்டுகளைக் கடந்து பருத்த மரங்களே தேவை. மழைக்காடு வெட்டப்பட்ட இடத்தில் சில்வர் ஓக் நிழல் மரங்களை எத்தனை ஆயிரம் நட்டாலும் இருவாச்சிக்கு வீடு கிடைக்காது.

நாங்கள் நின்று கால்மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் வந்தது சத்தம். பெரிய ஜமுக்காளத்தை உதறுவதைப்போன்ற சிறகொலி பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, பறவை கண்ணில் படுவதற்கு வெகு முன்பாகவே. விரித்த சிறகின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏறத்தாழ ஐந்து அடி இருக்கும் அந்தப் பறவை, சில முறை அடித்தும் சிறிது நேரம் மிதந்தும் மரங்களுக்கு மேலாக வந்து, பொந்துக்கு எதிர்க்கிளையில் அமர்ந்து, உடனே நெருங்காமல் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சுற்றுப்புறத்தை ஆராய்ந்தது. பைனாகுலரில் அதன் சிவந்த கண் தெளிவாகத் தெரிந்தது; பெண்ணுக்கு அந்தக் கண் வெளிறியிருக்கும். அலகின்மேல் கவிந்த கொண்டையிலும் கழுத்திலும் சிறகுப் பட்டையிலும் படர்ந்திருக்கும் மஞ்சள், வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து அதுவே பூசிக்கொள்வது. பின்பு பொந்தின் வாயிலைத் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்துப் பிளவுக்குள் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு முனை தோன்றி வாங்கிக்கொண்டது. நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். எண்ணிக்கொண்டிருந்தால் பார்க்க முடியவில்லை.

இருவாச்சி விழுங்கிய பழங்களின் விதைகள் தாய்மரத்திலிருந்து வெகுதொலைவில் விழுந்து முளைக்கின்றன. பெரிய விதைகொண்ட மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு இத்தகைய பெரும்பறவைகளை விட்டால் வேறு வாகனம் குறைவு. தேயிலைக் கடலில் சிதறிக்கிடக்கும் காட்டுத் துண்டுகளை இணைக்கும் வேலையை இப்பறவை நாள்தோறும் கூலியின்றிச் செய்துகொண்டிருக்கிறது. முன்னே சொன்ன அமைப்பினர் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கி, தோட்ட நிறுவனங்களின் ஒப்புதலோடு சிதைந்த துண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்நாட்டு மர இனங்களின் கன்றுகளை நட்டுவருகிறார்கள். இன்று நான் கண்ட அனைத்திலும் இந்த இரண்டு வேலைகள்தாம் எனக்கு நம்பிக்கை அளித்தவை.

திரும்பும்போது கருமந்திக் கூட்டம் ஒன்றின் உறுமல் காட்டுக்குள்ளிருந்து வந்தது. பளபளக்கும் கரிய உடலும் பொன்னிறத் தலையுமாக ஒன்று மட்டும் ஒருகணம் தெரிந்து மறைந்தது. இதன் இறைச்சியில் மருத்துவ குணம் இருப்பதாக நம்பிப் பல தலைமுறைகள் வேட்டையாடியதன் விளைவோ என்னவோ, மனிதரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும் பழக்கம் இதற்கு இன்னும் போகவில்லை. சோலைமந்தியும் இதைக் கற்றுக்கொண்டால் நல்லது என்று தோன்றியது.

சோலையாறு அணையில் அதிக நேரம் செலவிடவில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் முக்கியமான நீர்த்தேக்கம் இது. 345 அடி உயரம் கொண்ட அணை. இதன் முழுக் கொள்ளளவுக்கான நீர்மட்டம் 160 அடி. பருவமழைக் காலத்தில் செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் எண் அது. மேற்கே ஓடவேண்டிய நீரைச் சுரங்கங்கள் வழியே திருப்பிப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்கு அனுப்பும் இத்திட்டத்துக்காகத் தமிழகமும் கேரளமும் 1970இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிப்ரவரியில் நீர் இறங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் வளையம் தெரிந்தது. பார்வையாளர்கள் நிறைய. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

நகரில் மதிய உணவு. எளிய மெஸ் சாப்பாடு. ரசம் நன்றாக இருந்தது.

பிற்பகலில் முடீஸ் வழியாக நல்லமுடி பூஞ்சோலைக் காட்சிமுனைக்குப் போனோம். வண்டியை நிறுத்திவிட்டுத் தேயிலைக்கு நடுவே உள்ள பாதையில் சிறிது தொலைவு நடக்க வேண்டும். நடை முடியும் இடத்தில் தரையும் முடிந்துவிடுகிறது. கீழே கேரளத்தின் பள்ளத்தாக்கு, வெட்டப்படாத காடு, பச்சையின் எத்தனையோ வகைகள். எதிரே மடிப்பு மடிப்பாக மலைகள். வானம் தெளிந்திருந்ததால் தொலைவில் ஆனைமுடியின் முதுகு தெரிந்தது. 2,695 மீட்டர் உயரமுள்ள அச்சிகரமே தென்னிந்தியாவில் மிக உயர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் எங்கோ, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில் முதுவர் குடிகள் இருக்கின்றன. மேலே நின்று பார்க்கும் எங்கள் கண்ணுக்கு ஒரு கூரைகூடத் தெரியவில்லை.

காலையிலிருந்து தேயிலையையே பார்த்து வந்த கண்ணுக்கு இந்தக் காட்சி ஒரு செய்தியைச் சொல்கிறது. வால்பாறை முழுவதும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். தேயிலைச் சரிவு அழகில்லை என்று நான் சொல்லவில்லை. சுற்றுலா விளம்பரங்கள் அனைத்தும் அந்தச் சீரான பச்சையைத்தான் காட்டுகின்றன. ஆனால் காட்சிமுனையின் விளிம்பில் நின்று முதலில் பள்ளத்தாக்கையும் பிறகு திரும்பித் தேயிலையையும் பார்ப்பவருக்கு, பின்னதில் நிழலே இல்லை என்பது உடனே உறைக்கும்.

காட்டுமாடுகளைத் திரும்பும் வழியில், வெயில் சாய்ந்த நேரத்தில் கண்டோம். சாலைக்குக் கீழே ஈரமான பள்ளத்தில் ஏழெட்டு மாடுகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. தேயிலைப் புதருக்கு மேல் அவற்றின் முதுகு மட்டும் கரும்பாறைகளாகத் தெரிந்தது. ஒன்று ஏறி வரப்பில் நின்றபோதுதான் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்ததைப்போன்ற கால்களும், தோளில் திரண்ட திமிலும் புலப்பட்டன. முழுவளர்ச்சி அடைந்த ஆண் ஆயிரம் கிலோவை நெருங்கும். அதற்கு ஐம்பது அடிக்கு அப்பால் இரண்டு பெண்கள் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனார்கள். மாடு தலையை உயர்த்திப் பார்த்தது. பெண்கள் நடையை மாற்றவில்லை. நான் வண்டியிலிருந்து இறங்க முனைந்தபோது ஓட்டுநர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க இங்க நடக்கணும்னு நடக்குறாங்க சார். நீங்க இறங்கணும்னு என்ன இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வண்டிக்குள் இருந்தபடியே பார்த்தேன்.

ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை யானைகள் பீடபூமிக்குள் அதிகமாக நடமாடும் காலம். நியாயவிலைக் கடைகளும் சத்துணவுக் கூடங்களும் அவற்றுக்கு நன்கு தெரிந்த இடங்கள். அரிசியும் பருப்பும் உப்பும் சுவருக்குள் இருப்பதை மோப்பத்தாலேயே அறிந்து சுவரை இடித்துவிடுகின்றன. இங்கே யானையால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை யானை அருகில் இருப்பது தெரியாமல் இருட்டில் நடந்துபோனதால் நேர்ந்தவை. அதை உணர்ந்தபின் எளிய ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. யானைக் கூட்டம் எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்பதை அந்தந்தப் பகுதி மக்களின் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகவும் தமிழில் பதிந்த குரலாகவும் மாலைதோறும் அனுப்புகிறார்கள். உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளும் பொருத்தப்பட்டுள்ளன; யானை பக்கத்தில் இருந்தால், பொறுப்பாளர்கள் கைப்பேசியிலிருந்தே அவற்றை எரியவிடுவார்கள். விரட்டுவதற்காக அல்ல, மனிதர் விலகிக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு என்பதே இதன் சிறப்பு.

விடுதிக்கு வரும் வழியில் குடியிருப்பு ஒன்றுக்கு மேலே அந்தச் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டோம். பேருந்து நிறுத்தத்தில் இறங்கிய தொழிலாளர்கள் விளக்கைப் பார்த்ததும் தனித்தனியாகப் போகாமல் சேர்ந்து நின்று, டார்ச்சுகளை எரியவிட்டுக்கொண்டு கூட்டமாக நடந்தார்கள். ஓட்டுநர் வண்டியை மெல்ல அவர்களுக்குப் பின்னாலேயே விட்டு, கடைசி வீடு வரும்வரை முன்விளக்கின் வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். யானை எங்கள் கண்ணில் படவில்லை.

நாளை மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்குகிறோம். அந்தக் காட்டுச் சாலையில் இரவில் வாகனங்களை விடுவதில்லை என்பதால், விடியற்காலையிலேயே சோதனைச் சாவடியில் போய் நிற்பதாகத் திட்டம். வழியெங்கும் அடர்காடு என்று சொல்கிறார்கள். எனவே விலங்குகள் எளிதில் தென்படாமல் போகலாம்.